பெட்டி கேஸுக்குப் பெயர் கொடுத்தவர்

நாற்காலிக்காரர் மேல் மொத்தம் ஐம்பத்து மூன்று வழக்குகள் இருந்தன. ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, யாராவது கொஞ்சம் சத்தமாகத் தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கும் சுபாவம். கடற்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியும் பெரிய குடையும் வாடகைக்கு விடுவதுதான் தொழில். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கூச்சல் போட்டதாக ஒன்பது வழக்கு. மனிதருக்குச் சோடா குடித்தாலே ஏப்பம் வராமல் அவஸ்தை. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதாக ஆறு. சைக்கிள் ஓட்டவே வராது. ஒரே நாள் ஒரே நேரத்தில் பேருந்து நிலையத்திலும் படகுத் துறையிலும் கலாட்டா செய்ததாகக்கூட ஒரு வருஷம் பதிவாகியிருக்கிறது. பழைய மாஜிஸ்திரேட் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இவருடைய வேகத்தை மெச்சியிருப்பார்.

விஷயம் வேறொன்றுமில்லை. அந்தச் சின்ன ஊர் காவல் நிலையத்துக்கு மாதாமாதம் இத்தனை பெட்டி கேஸ், அதாவது அபராதத்தோடு முடிகிற சில்லறை வழக்கு, போட்டாக வேண்டும் என்று மேலிருந்து ஒரு கணக்கு. சுற்றுலாப் பயணிகளைப் பிடித்தால் ஊருக்குக் கெட்ட பெயர். உள்ளூர்க்காரனைப் பிடித்தால் அவனுக்கு ஒரு மாமன் மச்சான் இருப்பான். அதனால் கணக்கு குறைகிற மாதக் கடைசியில் ஏட்டு கடற்கரைக் கடை வரிசைக்கு வந்து, "யாராவது ஒரு ஆள் கொடுங்கப்பா" என்பார், கடனுக்குத் தீப்பெட்டி கேட்கிற மாதிரி. அனுப்பப்பட்ட ஆள் காலையில் கோர்ட்டுக்குப் போய், கேட்டதும் "ஆமாங்க" என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டுப் பத்தரை மணிக்குள் திரும்பிவிடலாம். அபராதத்தைக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டுவிடுவார்கள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஏட்டு முதல் தடவை வந்து கேட்டபோது ஐஸ்கிரீம் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். பலூன் சுடும் கடைக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். நாற்காலிக்காரருக்குத் தொண்டை கமறியது, லேசாக இருமிவிட்டார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். மறுக்கப் பயந்து போனவர், போன பிறகு வழக்கமாகிவிட்டார். அதற்குப் பின் ஏட்டுகள் நாலு பேர் மாறினார்கள். நாற்காலிக்காரர் மாறவில்லை. போலீஸ் வண்டி வரும்போது மற்றவர்களின் கடைகள் நகர வேண்டியிருக்கும், இவருடைய நாற்காலிகளை மட்டும் யாரும் உதைக்க மாட்டார்கள். பயந்த மனிதருக்கு அது பெரிய நிம்மதி.

இப்போதிருக்கும் ஏட்டு வேலையை இன்னும் சுலபமாக்கினார். ஒவ்வொரு தடவையும் வந்து கையெழுத்து வாங்குவானேன் என்று பத்து வெற்றுக் காகிதங்களில் ஒரே மூச்சில் வாங்கி வைத்துக்கொண்டார். நாற்காலிக்காரரும் குடைக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் காற்று அதிகம். அவருடைய கவலையெல்லாம் குடை பறந்துவிடக் கூடாது என்பதில்தான் இருந்தது.

ஒரு மாதக் கடைசியில் வழக்கம்போல வரச் சொன்னார்கள். வழக்கம்போலப் போனார். நாற்காலிகளைப் பலூன் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கோர்ட் அறை சின்னது. மேலே ஒரு விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. கூண்டுக்குப் பக்கத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள், இவர் ஐந்தாவது. மாஜிஸ்திரேட் மட்டும் புதுசு. போன மாதம்தான் மாற்றலாகி வந்த அம்மா. மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு காகிதத்தையும் படித்தார். படிக்கிற மாஜிஸ்திரேட்டை நாற்காலிக்காரர் அதுவரை பார்த்ததில்லை.

கிளார்க் வழக்கு எண்ணையும் சட்டப் பிரிவையும் மளமளவென்று வாசித்தார். நாற்காலிக்காரர் காதில் அது எதுவும் ஏறவில்லை. ஏறி என்ன ஆகப் போகிறது? ஜன்னல் வழியே தென்னை ஓலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்வி வந்ததும், "ஆமாங்கம்மா" என்றார்.

பின் வரிசையில் பெஞ்சு ஒன்று சரேலென்று பின்னால் போன சத்தம் கேட்டது.

மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்தார். "நீங்க என்ன ஒப்புக்கிட்டீங்கன்னு தெரியுதா?" என்று கேட்டார். நாற்காலிக்காரர் இதற்கும் ஆமாங்கம்மா என்றார். நாக்குக்கு அந்த அறையில் வேறு எதுவும் பழக்கமில்லை.

"தபால்காரம்மாவை மோட்டார் சைக்கிள்ல இடிச்சுட்டு நிக்காமப் போனது நீங்கதான். அவங்களுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு மாசமாப் படுக்கையில இருக்காங்க. இதைத்தான் ஒப்புக்கிட்டீங்க."

நாற்காலிக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். தபால்காரம்மாவை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. கடற்கரைச் சாலை வளைவில் காலை ஆறு மணிக்கு யாரோ இடித்துப் போட்டுவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். யார் என்றுதான் தெரியாது. நாற்காலிக்காரரே அதைப் பற்றிப் பேசி, அப்படிச் செய்தவன் கையில் கிடைத்தால் தோலை உரிக்க வேண்டும் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பின் வரிசையில் எழுந்து நின்றது தபால்காரம்மாவின் புருஷன். கடற்கரைச் சாலையில் வண்டிகள் பழுதுபார்க்கும் மெக்கானிக். இரண்டு கையும் முன் பெஞ்சின் மேல் இருந்தன, பெரிய கைகள். இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாற்காலிக்காரர் திறந்தார். காற்றுதான் வந்தது.

மாஜிஸ்திரேட், இது அபராதம் கட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை, ஜெயில் தண்டனை உண்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் பின் மறுபடியும் கேட்பேன், யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்தார்.

ஏட்டு அவரைக் கோர்ட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே தள்ளிக்கொண்டு போனார். ஏட்டுக்கும் வியர்த்திருந்தது. அடுத்த வாரம் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், கண்டுபிடிக்காத வழக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதனால் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை இதற்கு வைத்துவிட்டேன் என்று அவரே சொன்னார். சொன்ன தோரணையில் தப்புச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே இல்லை. பழைய மாஜிஸ்திரேட்டாக இருந்தால் படிக்காமலே அபராதம் போட்டு அனுப்பியிருப்பார், நீயும் இந்நேரம் குடை விரித்திருப்பாய், இந்தம்மா படிப்பார் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்றார்.

"நான் இல்லன்னு சொல்லிடுறேன் ஐயா" என்றார் நாற்காலிக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சொல்லு. அப்ப இத்தனை நாளும் ஆமான்னு சொன்னதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. கோர்ட்டுல ஐம்பத்து மூணு தடவை பொய் சொல்லியிருக்க. ஒவ்வொண்ணுக்கும் என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. தெரியாததுதான் கொடுமை. ஒரு பொய்க்கு ஒரு வருஷம் என்றாலும் ஐம்பத்து மூன்று வருஷம். தனக்கு இப்போது ஐம்பத்தொன்று. கூட்டிப் பார்த்துவிட்டு நாற்காலிக்காரர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டு குரலைத் தணித்து, ஆமாம் என்றே சொல்லிவிட்டால் ஆறே மாதம், மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், நாற்காலியெல்லாம் பத்திரமாக இருக்கும், நான் பொறுப்பு என்றார். தோளைத் தட்டிவிட்டும் போனார்.

ஆறு மாதம், ஐம்பத்து மூன்று வருஷம். பயம் என்பது வயிற்றில் ஆரம்பிக்கும் என்று சொல்வார்கள். அவருக்குக் காதில் ஆரம்பித்தது. எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. எதிரே மரத்தடியில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடப் போகவில்லை. பக்கத்தில் வரவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. நாற்காலிக்காரர் சிறுநீர் கழிக்கப் போனபோது அவரும் இரண்டு எட்டு நகர்ந்து நின்றார். வெளியே வரும்போது அடிப்பாரா, கத்தியால் குத்துவாரா என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மெக்கானிக் ஒன்றும் செய்யவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

கடைசியில் மனைவிக்குப் போன் செய்தார். அந்த அம்மாளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. தரை துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, எழ முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. புருஷன் அவ்வப்போது கோர்ட்டுக்குப் போவது தெரியும். "எங்க வீட்டுக்காரர் போலீசுக்கு நேந்து விட்ட ஆடு" என்று வார்டில் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நாற்காலிக்காரர் நடந்ததைச் சொல்லி முடித்தார். பின்னால் வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"ஆறு மாசம்தானாம்" என்றார் நாற்காலிக்காரர்.

"நீங்க ஆமான்னு சொல்லிட்டு உள்ள போயிடுவீங்க" என்றார் மனைவி. "எங்க வார்டுல கிடக்குற தபால்காரம்மாவுக்கு நான் நாளைக்குக் காலையில விரிப்பு மாத்தணுங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்துவேன்?"

நாற்காலிக்காரர் போனை வைத்துவிட்டார்.

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். காலையில் இருந்த கூட்டம் இல்லை. மாஜிஸ்திரேட், கிளார்க், கதவோரத்தில் ஏட்டு, பின் வரிசையில் மெக்கானிக். விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மாஜிஸ்திரேட் அதே கேள்வியைக் கேட்டார். நாற்காலிக்காரர் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லைங்கம்மா" என்றார். அந்த அறையில் அவர் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

காலையில் ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டார். வழக்கமாகச் சொல்வதுதானே என்று சொல்லிவிட்டேன் என்றார். வழக்கம் என்றால் எத்தனை தடவை என்று அடுத்த கேள்வி வந்தது. கதவோரத்தில் ஏட்டு செருமினார். நாற்காலிக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். ஐம்பத்து மூன்று என்றார். அதில் எத்தனை நிஜம் என்று கேட்டார் அந்த அம்மா.

"ஒண்ணும் இல்லைங்கம்மா."

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பாதி வழக்குகளை வாசித்தவர் அவர்தான்.

மாஜிஸ்திரேட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாக, "இங்க ஐம்பத்து மூணு தடவை பொய் சொன்னவர், இப்ப மட்டும் நிஜம் சொல்றார்னு நான் எப்படி எடுத்துக்கறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தனக்கு வண்டி ஓட்ட வராது என்றார் நாற்காலிக்காரர். வராது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள், ஓட்டத் தெரிந்தவனும் தெரியாத மாதிரி விழுந்து காட்டலாமே என்றார் அந்த அம்மா. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். கடற்கரையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன் என்றார். பார்த்தவர் யார்? அந்த நேரத்துக்குக் கடலும் காக்காயும்தான். நாற்காலிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் வந்த தண்ணீர்தான், அதை வேறு விதமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எப்படியாவது தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். சொல்லியும் ஆகிவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை.

சரி, குற்றச்சாட்டை முழுசாகப் படிக்கிறேன், ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள் என்று மாஜிஸ்திரேட் கோப்பைப் பிரித்தார். இந்தத் தேதி, இந்த இடம், லைசென்ஸ் இல்லாமல், இந்த நிறத்து மோட்டார் சைக்கிளை அதிவேகமாக ஓட்டி வந்து என்று படித்துக்கொண்டே போய் வண்டி எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். காலையில் இதையெல்லாம் யாரும் வாசித்திருக்கவில்லை.

"அம்மா, அந்த நம்பரை இன்னொரு தடவை படிங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் எழுந்து நின்றிருந்தார். நடுவில் பேசக் கூடாது என்று கிளார்க் அதட்டினார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, மறுபடி படித்தார்.

"அந்த வண்டி ஸ்டேஷன் பின்பக்கம் கிடக்குதும்மா. ஏதோ பழைய கேஸ்ல பிடிச்ச வண்டி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏலம் விடலாமான்னு பாக்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. அதுல என்ஜினே இல்லம்மா. அப்பவே இல்ல. அதைத் தள்ளிக்கிட்டு வந்துதான் என் வீட்டம்மாவை இடிச்சிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. காவல் நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம்தான். மாஜிஸ்திரேட் கிளார்க்கையே அனுப்பினார். ஏட்டு நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். அந்தக் கால் மணி நேரம் நாற்காலிக்காரர் நின்றது நின்றபடி நின்றார். அதற்குள் யாராவது அந்த வண்டிக்கு ஒரு என்ஜினைப் பொருத்திவிடுவார்களோ என்றுகூடப் பயந்தார். கிளார்க் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, என்ஜின் இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் கொடி முளைத்திருக்கிறது, முன் சக்கரத்தையும் காணோம் என்றார்.

விபத்து வழக்கிலிருந்து பெயரை நீக்கினார்கள். ஏட்டு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. நாற்காலிக்காரர் கும்பிட்டுவிட்டு இறங்கப் போனார். நில்லுங்கள் என்றார் மாஜிஸ்திரேட். நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்கு உங்கள் மேல் தனி வழக்கு, அது நிஜ வழக்கு, அடுத்த மாதம் வந்து பதில் சொல்ல வேண்டும், அதுவரை வெளியில் இருக்க ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், ஐந்து மணிக்குள் ஆள் வராவிட்டால் இன்றைக்கே உள்ளே போக வேண்டியிருக்கும் என்றார்.

மணி மூன்றரை. நாற்காலிக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து போன் போட்டார். ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து மாமனாருக்கு நெஞ்சு வலி. பலூன் கடைக்காரர் நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றார். கடற்கரையில் போட்டோ எடுப்பவர் போனை எடுக்கவே இல்லை. இன்னும் ஆறு பேரைக் கூப்பிட்டார். போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயமாச்சே என்று ஒருத்தர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பதினான்கு வருஷம் இவர் பெயரைக் கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மனைவியின் கையெழுத்து செல்லாது என்றார்கள். வீட்டாள் ஜாமீன் நிற்கக் கூடாதாம். நாலே முக்காலுக்கு ஏட்டு வந்து ஒரு கான்ஸ்டபிளிடம் ஜீப்பைத் தயாராக வைக்கச் சொன்னார். நாற்காலிக்காரரைப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஜீப்பில் தன்னோடு யார் உட்காருவார்கள், நிலையத்துக்குள் போன பின் கதவைச் சாத்துவார்களா என்றெல்லாம் இவர் நினைக்க ஆரம்பித்தார். போன் கை தவறித் தரையில் விழுந்தது.

அதை எடுத்துக் கொடுத்தது மெக்கானிக். கொடுத்துவிட்டு நேரே கிளார்க்கின் மேஜைக்குப் போய், கடை உரிமப் பத்திரத்தை வைத்து, நான் நிற்கிறேன் என்றார். கிளார்க் பேனாவைத் திறந்து, உங்களுக்கு இவர் என்ன உறவு என்று கேட்டார்.

"உறவெல்லாம் இல்ல. காலையில இவரைக் கொல்லணும்னு இருந்தேன். அதை எழுத இடம் இருக்கா?"

கிளார்க் 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடித்து என்னவோ சொல்லப் போனார். மெக்கானிக் கையை விடுவித்துக்கொண்டார். "உங்க மேல பாசத்துல போடல. நீங்க உள்ள போயிட்டா இவங்க இதைச் சாக்கா வெச்சு ஃபைலை மூடிடுவாங்க. இடிச்சவன் இன்னும் வெளியில சுத்திக்கிட்டு இருக்கான்." பிறகு, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று காலையிலேயே அவளுக்கு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், இல்லை என்று நீங்களே வந்து சொல்லுங்கள் என்றார். நாற்காலிக்காரர் மாட்டேன் என்று சொல்லப் பார்த்தார். மெக்கானிக் வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்னால் உட்கார்ந்தவர் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். நாற்காலிக்காரரின் மனைவி ஒரு பக்கமாகத் தபால்காரம்மாவைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். புருஷனைப் பார்த்தார், விரிப்பை உருவி முடித்தார். தபால்காரம்மா மெலிந்து போயிருந்தார். மூன்று மாதம் முன்புவரை ஊர் முழுக்கச் சைக்கிளில் சுற்றியவர். கட்டிலின் கால்மாட்டில் நின்று நாற்காலிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். தான் இல்லை என்றார். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். காலையில் கேட்காமலே ஆமாம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

தபால்காரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்களா இருக்காதுன்னு எனக்குத் தெரியுங்க. உங்களுக்கு ரோடு கடக்கவே பயம்" என்றார். பிறகு தலையை இவர் பக்கம் திருப்பி, "அப்ப என்னை இடிச்சது யாரு?" என்று கேட்டார்.

நாற்காலிக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால நேரம், வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தெரியலம்மா" என்றார் நாற்காலிக்காரர்.

மனைவி புது விரிப்பை உதறி, அந்தப் பக்கத்து முனையை அவரிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டார். அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தார். மெதுவாகப் போடுங்கள், அம்மாவுக்கு வலிக்கும் என்றார் மனைவி.